பிரைமரை முதலில் முடிவு செய்யுங்கள், பிரஸ்ஸை அப்புறம் பார்க்கலாம்: வீட்டு ரீலோடிங் பிரஸ்கள், ஓர் ஒப்பீடு

ரீலோடிங் பிரஸ் (சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை, அதாவது கேஸை, மறுபடி நிரப்பும் கருவி) வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, “மணிக்கு எத்தனை தோட்டா வரும்?” என்பதுதான். அந்தக் கணக்கை வைத்து வாங்கியவர்களில் பலர் அடுத்த ஆறு மாதத்தில் தனியாக ஒரு கைப் பிரைமர் கருவியும் வாங்கிவிடுகிறார்கள். காரணம், பிரஸ்ஸில் சிக்கல் வரும் இடம் பெரும்பாலும் டை (கேஸை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு) அல்ல, பிரைமர் (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) ஏறும் இடம். பிரைமரை எங்கே, எந்த லீவரால் அழுத்தப் போகிறோம் என்று முதலிலேயே தீர்த்துவிட்டால் பிரஸ் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவதெல்லாம் அமெரிக்கச் சூழலை வைத்து. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்கு என்று செய்தால் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் கதையே வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெடிமருந்து எவ்வளவு என்ற கணக்கும் இதில் கிடையாது. அதை மருந்துக் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் வெளியிடும் அட்டவணையில் இருந்து மட்டும்தான் எடுக்க வேண்டும். இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி நிரப்பக் கூடாது.

பிரைமர் ஏன் இவ்வளவு முக்கியம்

பிரைமர் என்பது சின்னக் கிண்ணம். உள்ளே அடிபட்டால் வெடிக்கும் பூச்சு, அதன் மேல் கால்கள் வைத்த ஆன்வில் என்கிற தகடு. அமெரிக்கப் பாக்சர் வகையில் வழக்கமாக இரண்டு விட்டங்கள்தான்: சிறியது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். கேஸின் அடியில் உள்ள குழியில் இதை அழுத்தும்போது ஆன்விலின் கால்கள் குழியின் தரையைத் தொட வேண்டும். தொட்டபின் கிண்ணம் இன்னும் ஒரு மயிரிழை இறங்கி, பூச்சு ஆன்விலோடு இறுக வேண்டும். கேஸின் அடித்தளத்தில் இருந்து பார்த்தால் பிரைமர் 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே போயிருப்பதுதான் சரியான உட்காரல்.

மேலே துருத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ரிவால்வரில் உருளை சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். சாதாரணத் துப்பாக்கியில் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். வெடிக்காது, இரண்டாவது அடியில் வெடிக்கும். “இந்தக் கம்பெனி பிரைமர் மோசம்” என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேரின் விஷயத்தில் உண்மையான குற்றவாளி அரைகுறையாக உட்கார்ந்த பிரைமர். எம்1 கேரண்ட் போன்று, பிரைமரை அடிக்கும் ஊசியைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் இல்லாத ரைஃபிளில்தான் இது உயிருக்கு ஆபத்து. துப்பாக்கியின் போல்ட் (குழலின் பின்வாயை மூடும் பகுதி) வேகமாக மூடும்போது ஊசி தானாக முன்னே பாய்ந்து பிரைமரைத் தட்டும். துருத்திய பிரைமர் அந்த நேரத்தில், போல்ட் பூட்டும் முன்பே, வெடித்துவிடலாம். ஏஆர்-15 ரைஃபிளிலும் ஊசி இப்படித்தான் மிதக்கிறது. அதற்காகவே சிசிஐ கம்பெனி 5.56 தோட்டாவுக்கு 41-ஆம் எண், 7.62 தோட்டாவுக்கு 34-ஆம் எண் என்று இராணுவ அளவுக்கு உணர்திறன் குறைத்த பிரைமர் விற்கிறது.

இன்னொரு குழப்பம் உயரத்தில். பெரிய பிஸ்டல் பிரைமரும் பெரிய ரைஃபிள் பிரைமரும் விட்டத்தில் ஒன்றுதான், உயரத்தில் இல்லை. ரைஃபிள் பிரைமர் உயரம் அதிகம். அதை .45 ஏசிபி பிஸ்டல் கேஸில் அழுத்தினால் எத்தனை பலம் போட்டாலும் துருத்தும். சிறிய வகையில் இது நேர்மாறான சிக்கல்: உயரமும் விட்டமும் பொருந்திவிடும், கிண்ணத்தின் தடிமன்தான் வேறு. சிறிய பிஸ்டல் பிரைமர் .223 ரைஃபிள் கேஸில் அழகாக உட்காரும், சுடும்போது ரைஃபிள் அழுத்தம் தாங்காமல் கிண்ணம் ஓட்டையாகி வாயு பின்னால் பீறிடும். மேசை மேல் ஒரே நேரத்தில் ஒரு வகைப் பிரைமர் மட்டும் என்ற விதி இதனால் வந்தது.

நாலு வழிகள்

முதல் வழி, பிரஸ்ஸின் ராமிலேயே (கேஸைத் தூக்கி டைக்குள் தள்ளும் தண்டு) ஒவ்வொன்றாக அழுத்துவது. ஆர்சிபிஎஸ் கம்பெனியின் ராக் சக்கர் சுப்ரீம் போன்ற சிங்கிள் ஸ்டேஜ் (ஒரு நேரத்தில் ஒரு டை மட்டும் மாட்டும்) பிரஸ்ஸில் ஒரு சிறு கை ராமின் பிளவுக்குள் வந்து உட்காரும். அதன் கிண்ணத்தில் விரலால் ஒரு பிரைமரை வைத்து, கைப்பிடியை மேலே தூக்கினால் ராம் இறங்கி, கேஸ் பிரைமர் மேல் உட்காரும். கூடுதல் செலவு இல்லை. ஆனால் அந்தக் கைப்பிடியின் நெம்பு பலம், .30-06 போன்ற பெரிய ரைஃபிள் கேஸை டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குப் பிழிவதற்காகச் செய்தது. பிரைமர் தரையைத் தொட்டதா, தாண்டி நசுங்கியதா என்று கைக்குத் தெரியாது. விரல் பட்டுக்கொண்டே இருப்பதால், கேஸுக்குப் போட்ட எண்ணெய் பிரைமருக்கும் போகும். ஐம்பது தோட்டாவுக்குச் சரி, அதற்கு மேல் பொறுமை போய்விடும்.

இரண்டாவது, கைக்கருவி. லீ, ஆர்சிபிஎஸ், ஃபிராங்ஃபோர்ட் ஆர்சனல் என எல்லாக் கம்பெனியிடமும் உண்டு. மேலே பிரைமர் கொட்டும் தட்டு, கீழே கட்டைவிரலால் அல்லது உள்ளங்கையால் அழுத்தும் லீவர். பிரைமர் குழிக்குள் நுழைவது, வழுக்கி இறங்குவது, தரையைத் தொட்டு நிற்பது என்று மூன்று கட்டமும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரியும். இந்த உணர்வுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதிக அழுத்தத்தில் சுட்ட கேஸின் குழி கொஞ்சம் விரிந்திருக்கும். பிரைமர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ‘பொதுக்’ என்று இறங்கினால் அந்தக் கேஸைக் குப்பையில் போட்டுவிடலாம். பெரிய லீவர் உள்ள எந்தப் பிரஸ்ஸும் இந்தச் சேதியைக் கைக்குச் சொல்லாது.

குறை: கை வலி. ஒரு மாலையில் இருநூறு தாண்டினால் கட்டைவிரல் மூட்டு பேச ஆரம்பிக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் இந்த வழிக்கே போக வேண்டாம். வாங்கும் முன் ஷெல் ஹோல்டரையும் (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) பாருங்கள். லீயின் பழைய ஆட்டோ-பிரைம் கருவிக்கு அதற்கென்றே தனி ஷெல் ஹோல்டர் வேண்டும், பிரஸ்ஸில் உள்ளது பொருந்தாது. ஆர்சிபிஎஸ் கருவி சாதாரண ஷெல் ஹோல்டரையே ஏற்கும். அவர்களுடைய யுனிவர்சல் மாடலில் ஷெல் ஹோல்டருக்குப் பதில் தாடைகள். இன்னொன்று: கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். .308, .30-06, .45 ஏசிபி மூன்றுக்கும் ஆர்சிபிஎஸ்ஸில் 3-ஆம் எண், லீயில் 2-ஆம் எண். எண்ணை மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் தவறானது வந்து சேரும்.

மூன்றாவது, மேசையில் போல்ட் போட்டு மாட்டும் தனிப் பிரைமர் கருவி. ஆர்சிபிஎஸ்ஸின் ஆட்டோமேட்டிக் பிரைமிங் டூல் இந்த வகை: குழாயில் இருந்து பிரைமர் தானாக வரும், நீள லீவர், குழாயைச் சுற்றி இரும்புக் கவசம். கைக்கருவியின் உணர்வில் முக்கால்வாசி கிடைக்கும், கை வலி கிடையாது. சாதாரண ஷெல் ஹோல்டரே போதும். ரைஃபிள் நிறைய நிரப்புகிறவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். விளம்பரம் குறைவு என்பதால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

நாலாவது, புரோகிரெசிவ் பிரஸ்ஸுக்குள்ளேயே (ஒரே இழுப்பில் எல்லாக் கட்டமும் சேர்ந்து நடக்கும் பிரஸ்) தானாக நடப்பது. இதை டில்லன் கம்பெனியைப் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

லீ கிளாசிக் டரெட்

விஸ்கான்சினில் ஹார்ட்ஃபோர்டில் செய்வது. நாலு டை மாட்டிய வட்டு. கைப்பிடியை ஒருமுறை இழுத்து விட்டால் வட்டு தானாக அடுத்த டைக்குத் திரும்பும். ஒரு கேஸை உள்ளே வைத்து நாலு தடவை இழுத்தால் ஒரு தோட்டா. கேஸ் இடம் மாறுவதே இல்லை, தலைக்கு மேலே டைதான் மாறும். அதனால் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று குழம்ப இடமில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் கட்சி.

ஒரு கேலிபரில் (தோட்டா அளவில்) இருந்து இன்னொன்றுக்கு மாற, வட்டைத் தூக்கி வேறொரு வட்டைப் போட்டு ஷெல் ஹோல்டரை மாற்றினால் முடிந்தது. கூடுதல் வட்டு விலை மிகக் குறைவு. நாலு கேலிபருக்கு நாலு வட்டு வைத்துக்கொண்டால், ஒருமுறை செட் செய்த டையைத் திரும்பத் தொடவே வேண்டாம். பழைய பிரைமர் ராமின் உள்துளை வழியாகவே கீழே குழாயில் விழும்; தரையில் கரி சிந்தாது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது. பிரைமரின் பூச்சில் பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட்தான்.

இதன் பலவீனம் அடியில் இருக்கிறது. வட்டைச் சுற்றும் முறுக்குக் கம்பிக்கு அடியில் சதுர ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் ராட்செட். பாதி இழுத்த நிலையில் வட்டைக் கையால் பின்னோக்கித் திருப்பினால் அதன் மூலைகள் தேய்ந்துவிடும். தேய்ந்தபின் வட்டு முழுதாகத் திரும்பாமல் கால்வாசி முன்னாலேயே நிற்கும், கேஸின் வாய் டையின் விளிம்பில் முட்டும். விலை சொற்பம், பிரஸ்ஸோடு சேர்த்தே இரண்டு உதிரி வாங்கி வைத்துவிடுங்கள். கம்பியை உருவிவிட்டால் இதே பிரஸ் சிங்கிள் ஸ்டேஜாக வேலை செய்யும்.

பிரைமருக்கு சேஃப்டி பிரைம் என்ற துணைக்கருவி. தட்டில் பிரைமர் கொட்டி, ராம் மேலே போயிருக்கும்போது விரலால் தட்டினால் கையின் கிண்ணத்தில் ஒன்று விழும். ராம் இறங்கும்போது உட்காரும். நன்றாகவே வேலை செய்கிறது. தட்டில் கடைசி நாலைந்து பிரைமர் மிஞ்சும்போது எடை போதாமல் விழத் தயங்கும், ஒன்றிரண்டு சாய்ந்து விழும். கிண்ணத்தைக் கண்ணால் பார்க்காமல் கைப்பிடியைத் தூக்கினால் சாய்ந்த பிரைமர் நசுங்கும். ஒவ்வொரு தடவையும் பார்ப்பது பழக்கமாகிவிட்டால் கவலையில்லை. கைப்பழக்கம் வந்தவர் இதில் மணிக்கு நூற்றைம்பது பிஸ்டல் தோட்டா அவசரமில்லாமல் செய்யலாம்.

ராக் சக்கரும் அதன் சொந்தங்களும்

கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் பேரெடுத்த ஆர்சிபிஎஸ், ஃபிரெட் ஹண்டிங்டன் 1943-இல் தொடங்கியது. ராக் சக்கர் சுப்ரீம் வார்ப்பிரும்பு, முழு வளைய உடம்பு. ரைஃபிள் கேஸைப் பிழியும்போது உடம்பு விரிந்து கொடுக்காது. டை மரை பொதுவான 7/8 அங்குலம், 14 இழை. எல்லாக் கம்பெனி டையும் போகும். பழைய பிரைமர் பிடிக்கும் தட்டு மட்டும் சுமார், சில தரையில் உருளும். லீ கிளாசிக் காஸ்ட் இதைவிட மலிவு. ராம் வழியாகவே பிரைமர் இறங்குவதால் அந்த ஒரு விஷயத்தில் இதை மிஞ்சுகிறது.

இல்லினாயின் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் வேறு ஜாதி. டை மரையில் ஏறாது, பள்ளத்தில் சறுக்கி உட்கார்ந்து கொஞ்சம் மிதக்கும். கேஸைத் தாடைகள் பிடிக்கும், ஷெல் ஹோல்டர் வேண்டாம். குண்டு நேராக உட்காருவதில் அக்கறை உள்ள துல்லியச் சுடுநர்களின் செல்லப்பிள்ளை இது. பிரைமரை பிரஸ்ஸின் உச்சியில் தனியாக அழுத்துவார்கள். அந்த வேலைக்கு இது வேகக்குறைவு. கோ-ஆக்ஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மேசைக் கருவிக்கே போகிறார்கள். லீ டைகளின் பூட்டு வளையத்தை மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரஸ்ஸாக இருந்தாலும் மேசை முக்கியம். டைக்குள் கேஸைத் தள்ளும்போது மேசை முன்பக்கம் கீழே அமுங்கும். வெளியே இழுக்கும்போது கழுத்து விரிக்கும் உருண்டை பிடித்து மேசையையே மேலே தூக்கும். மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. பலகை மேல் மர ஸ்குரூ போட்டால் ஒரு மாதத்தில் ஆடும். மேசையை ஊடுருவும் போல்ட், அடியில் அகல வாஷர், மேசையைச் சுவரோடு சேர்த்துப் பிணைப்பது என்ற மூன்றும் வேண்டும். மேசை ஆடினால் மருந்துக் குடுவையும் ஆடும், அளவு மாறும்.

டில்லன் 550-ஆ, 750-ஆ

அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் இருக்கும் டில்லனைப் பற்றி யாரும் தரத்தில் குறை சொல்வதில்லை. கேள்வி, உங்களுக்கு அது வேண்டுமா என்பதுதான்.

550 நாலு நிலையம் (டை நிற்கும் இடம்), கேஸ்களைப் பிடிக்கும் ஷெல் தட்டைக் கையால் சுற்ற வேண்டும். 750 ஐந்து நிலையம், தானாகச் சுற்றும். இரண்டிலும் ஒரே இழுப்பில் எல்லா நிலையமும் சேர்ந்து வேலை செய்வதால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். கையால் சுற்றுவதில் ஒரு பெரிய அபாயம் உண்டு. ஏதோ சிக்கிக்கொண்டு கவனம் சிதறி, தட்டைச் சுற்ற மறந்து இன்னொரு தடவை இழுத்தால் அதே கேஸில் இரட்டை மருந்து. 9 மி.மீ. கேஸில் வேகமாக எரியும் மருந்தை இரண்டு மடங்கு போட்டாலும் வழியாமல் அடங்கும். துப்பாக்கி வெடித்துச் சிதற அது போதும். கேஸில் பாதிக்கு மேல் நிரம்பும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால், இரட்டை விழுந்ததும் வழிந்து கண்ணில் படும். 750-இல் ஐந்தாவது நிலையம் இருப்பதால் மருந்தளவைக் காட்டிக்கொடுக்கும் டையைப் போடலாம். இருந்தாலும் நடுவில் சிக்கல் வந்தால் தட்டில் இருக்கும் எல்லாக் கேஸையும் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. மருந்தே விழாத கேஸும் இதே அளவு கெட்டது. பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு குழலுக்குள் பாதி வழி போய் நிற்கும். அடுத்த தோட்டா குழலைப் பிளக்கும்.

இனி பிரைமர். இரண்டு மாடலிலும் பிரைமர் செங்குத்துக் குழாயில் இருந்து ஒரு சறுக்குப் பலகைக்கு விழுந்து, கேஸின் அடிக்குப் போகும். (பழைய 650-இல் சுற்றும் வட்டு இருந்தது, 750-இல் அதைக் கைவிட்டு இந்தச் சறுக்கு முறைக்கு வந்துவிட்டார்கள், நல்ல முடிவு.) கைப்பிடியை முன்னே தள்ளும் கடைசி அழுத்தத்தில் பிரைமர் உட்காரும். அந்தத் தள்ளலைப் பாதியில் விட்டால் துருத்திய பிரைமர். புரோகிரெசிவ் வாங்கியவர்கள் “பிரைமர் உட்காரலை” என்று புலம்புவதில் பாதிக்கு மருந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தில் கடைசிவரை தள்ளுவது. மிச்சத்துக்குக் காரணம் மூன்று.

முதலாவது, தளர்ந்த ஷெல் தட்டு. தட்டின் நடு போல்ட் தளர்ந்தால் பிரைமர் அழுத்தும்போது தட்டே ஒரு பக்கம் தூக்கும். போல்ட்டை இறுக்கி, தட்டு சுற்றும் அளவுக்கு ஒரு இழை விட்டு, பூட்டு ஸ்குரூவைப் போட வேண்டும். இரண்டாவது, கரி. 550-இல் அதே நிலையத்தில்தான் பழைய பிரைமரும் தள்ளப்படுகிறது, 750-இல் பக்கத்து நிலையத்தில்; அந்தக் கரித்தூள் சறுக்குப் பலகையின் தடத்தில் சேர்ந்து பலகை முழுதாகப் போகாது. சில நூறு தோட்டாவுக்கு ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் போட்டால் தூள் இன்னும் ஒட்டும். மூன்றாவது, கேஸ்.

கேஸ்தான் பெரிய வில்லன். இராணுவக் கேஸில், உதாரணமாக அடியில் எல்.சி. என்றோ வட்டத்துக்குள் சிலுவைக்குறியோ பொறித்த 5.56 கேஸில், பிரைமர் ஓடிவிடாமல் இருக்கக் குழியின் விளிம்பை உள்நோக்கி மடித்திருப்பார்கள். பழைய பிரைமர் பலத்தால் வெளியேறிவிடும், மடிப்பு அங்கேயே இருக்கும். புதிய பிரைமர் அதில் இடறி சாய்ந்து நசுங்கும். இதைத் தனியாக எடுக்க வேண்டும். விளிம்பைத் தள்ளி விரிக்கும் சுவேஜிங் கருவி ஒரு வழி. டில்லனின் சூப்பர் சுவேஜ் அதற்குப் பேர்போனது. விளிம்பைச் செதுக்கும் ரீமர் இன்னொரு வழி. மலிவு, ஆனால் அதிகம் செதுக்கினால் குழி கெடும். .45 ஏசிபியில் வேறு தொல்லை. சில கம்பெனிகள் சிறிய பிரைமர் குழியோடு கேஸ் செய்கின்றன. பொறுக்கிய கேஸில் ஒன்று கலந்து வந்தால் பெரிய பிரைமர் அதில் போகாது, பிரஸ் நின்றுவிடும். அப்போது பலம் போட்டுத் தள்ளுவதுதான் செய்யக் கூடாத முதல் காரியம். வெளிநாட்டுப் பெர்டான் கேஸில் நடுவில் துளையே இருக்காது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். பழைய பிரைமரைத் தள்ளும் உங்கள் டையின் ஊசி உடையும்.

ரைஃபிள் தோட்டாவுக்குப் புரோகிரெசிவ் வாங்கினால் இன்னொரு உண்மை தெரியவரும். கழுத்துள்ள கேஸுக்கு எண்ணெய் போட்டுத்தான் பிழிய வேண்டும். பிழிந்தபின் நீளம் கூடும், வெட்ட வேண்டும், எண்ணெயைப் போக்க வேண்டும். ஆகவே ஓட்டம் நடுவில் எப்படியும் நிற்கும். நிற்கும் அந்த இடத்தில் பிரைமரைக் கையால் அழுத்திவிட்டு, இரண்டாவது சுற்றில் மருந்து, குண்டு என்று போனால் நேரம் பெரிதாகக் கூடாது, தரம் கூடும். கார்பைட் (மிகக் கடினமான பொருள்) டையில் எண்ணெய் இல்லாமல் ஓடும் 9 மி.மீ., .38 போன்ற நேர்க்கேஸ்களுக்குத்தான் புரோகிரெசிவ் பிரைமர் முறை முழுப் பயனும் தரும்.

மாதம் ஆயிரத்துக்கு மேல், பெரும்பாலும் ஒரே கேலிபர் என்றால் 750. நாலைந்து கேலிபர், ஒவ்வொன்றிலும் சில நூறு என்றால் 550. சிறியது, பெரியது என இரண்டு பிரைமர் அமைப்பும் பெட்டியிலேயே வரும், மாற்றுவது சுலபம். மாதம் முந்நூறு, நானூறு என்றால் டில்லன் பக்கம் போகவே வேண்டாம். நெப்ராஸ்காவின் ஹார்னடி லாக்-என்-லோட் ஏபியும் ஐந்து நிலையம், தானியங்கிதான். தட்டு பாதி ஏறும்போது பாதியும் இறங்கும்போது பாதியும் சுற்றுவதால் மருந்து துள்ளிச் சிந்துவது குறைவு. டைக்குப் போட்ட புஷ்ஷிங்கை (டை உட்காரும் வளையம்) லேசாகத் திருப்பியே கழற்றலாம். இதற்கும் பிரைமர் தொல்லை மேலே சொன்னதுதான்.

குழாய் நிரப்புவது

பிரைமர் நூறு நூறாகத் தட்டில் வரும். பத்துத் தட்டு சேர்ந்தால் ஆயிரம். குழாயும் நூறு கொள்ளும். வரி வரியாகப் பள்ளம் போட்ட தட்டில் கொட்டி லேசாகச் சுழற்றி ஆட்டினால், திறந்த முகம் கீழே இருக்கும் பிரைமரின் விளிம்பு பள்ளத்தில் மாட்டிக் கவிழும். கொஞ்ச நேரத்தில் எல்லாமே ஆன்வில் மேலே பார்த்தபடி நிற்கும். கைக்கருவிக்கு இந்த நிலையே போதும், மூடியைப் போட்டு மாட்டலாம். குழாய்க்கு என்றால் மூடியைப் போட்டுத் தட்டைக் கவிழ்த்து, பளபளக்கும் பக்கம் மேலே வரச் செய்துவிட்டுத்தான் குழாயால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். குழாயைத் தலைகீழாக்கி பிரஸ்ஸில் இறக்கும்போது அவை மறுபடி திரும்பி ஆன்வில் மேலே வந்துவிடும். ஒன்று மட்டும் தலைகீழாகப் போயிருந்தால் அது கேஸில் தலைகீழாகத்தான் உட்காரும், சுட்டால் வெடிக்காது.

குழாயில் பிரைமர் சிக்கினால் கம்பியால் குத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஒன்று வெடித்தால் நூறும் சேர்ந்து வெடிக்கும். டில்லன் குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் போட்டிருப்பது வெடிப்பை மேல்நோக்கித் திருப்புவதற்கு. பிரைமர் தீர்ந்ததைச் சொல்லும் பிளாஸ்டிக் குச்சி அந்தக் குழாயின் வாயில்தான் நிற்கிறது. அதன் மேல் தலையை நீட்டிப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரைமரைத் தொடக் கூடாது என்பது எல்லா முறைக்கும் பொது.

நிரப்பியதும் ஒவ்வொரு கேஸின் அடியையும் ஆள்காட்டி விரலால் தடவிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பிரைமரில் விரல் லேசாகப் பள்ளத்தில் இறங்கி ஏறும். சமமாக இருந்தாலே சந்தேகம், மேடு தட்டினால் ஒதுக்கிவிட வேண்டும். மருந்து போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். மருந்தும் குண்டும் ஏறிய தோட்டாவில் பிரைமரை மறுபடி அழுத்துவது பைத்தியக்காரத்தனம்.

சேமிப்புக்கு அமெரிக்கத் தீயணைப்பு விதியான என்எஃப்பிஏ 495 வைக்கும் வரம்பு வீட்டில் 10,000 பிரைமர், 20 பவுண்டு வரை மருந்து, இரண்டும் கம்பெனி டப்பாவிலேயே. 20 முதல் 50 பவுண்டு வரை என்றால் ஒரு அங்குலத் தடிமன் பலகையில் செய்த பெட்டி வேண்டும். பிரைமரைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைப்பவர்கள் உண்டு, அது கையெறிகுண்டு. தபாலில் வாங்கினால் அபாயச் சரக்குக் கட்டணம் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போடுவார்கள், ஆகவே ஆயிரமாக வாங்காமல் நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வாங்குவது லாபம்.

பழைய பிரஸ் வாங்குவதில் தப்பில்லை. ஆர்சிபிஎஸ்ஸும் டில்லனும் ஆயுள் உத்தரவாதத்துக்குப் பேர்போனவை. பார்க்க வேண்டியது: ராமை மேலே ஏற்றிப் பக்கவாட்டில் ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது, டை மரையில் கடிபட்ட இழை உண்டா, பிரைமர் கையும் அதன் இரண்டு அளவுக் கிண்ணங்களும் பெட்டியில் இருக்கின்றனவா. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அது இல்லை என்பதற்காக விலையில் பேரம் பேசுங்கள், மிச்சப்பட்ட காசில் மேசைக் கருவியை வாங்கிக்கொள்ளலாம்.